மயங்குதல், தெளிதல், தேறுதல்

அண்ணிக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை நடந்த அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான்கைந்து பேர் நின்றிருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் அண்ணன் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "சிஸ்டர், மயக்கம் தெளிஞ்சிருச்சா?" கல்லை எடுத்தாயிற்றா, எத்தனை தையல் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். நடுவில் அமெரிக்காவிலிருந்து அவர் மகள் அழைத்தாள். இங்கே செவிலியர் படிப்பை முடித்தவள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது மயக்க மருந்து கொடுக்கும் செவிலியராவதற்குப் படிக்கிறாள். அன்றாடம் அந்தக் கதவுக்கு உள்ளே நிற்பவள் அவள். அவள் கேட்டதும் அதே கேள்விதான்: "சித்தப்பா, அம்மாவுக்கு மயக்கம் தெளிஞ்சிருச்சா?"

தெளிந்தது. அண்ணியும் நல்லபடியாக வீடு திரும்பினார். அடுத்த வாரம் மகள் வேறொரு கேள்வியோடு அழைத்தாள். "நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட்னு சொன்னா ஊர்ல யாருக்கும் புரியல சித்தப்பா. மயக்க டாக்டரான்னு கேக்குறாங்க. டாக்டர் இல்லன்னு சொன்னா, அப்ப நர்ஸ்தானேங்கறாங்க. நான் படிக்கிறதுக்குத் தமிழ்ல என்னதான் பேரு?"

அந்தக் கேள்வியோடுதான் அகராதிகளைப் புரட்டத் தொடங்கினேன். அவள் தொழிலின் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று மயக்கத்தைச் சொல்கிறது, மற்றது அருகில் இருப்பவரைச் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில் பிறந்து, அமெரிக்காவில் வந்து ஒன்றாகச் சேர்ந்தவை.

உணர்வின்மை என்ற பெயர்

‘அனஸ்தீசியா’வின் ஊர் கிரேக்கம். ‘ஐஸ்தேசிஸ்’ என்றால் புலன்களால் உணர்தல். அதன் முன்னால் இன்மையைக் குறிக்கும் ‘அன்’ சேர்ந்தால் ‘அனைஸ்தேசியா’, அதாவது உணர்வின்மை. பிளேட்டோ இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் மருந்துச் செடிகளைப் பற்றி எழுதிய டயாஸ்கொரிடீஸ், மாண்ட்ரகோரா என்ற செடியின் வேரை மதுவில் ஊறவைத்து, கத்தி வைக்கப்போகிறவருக்கும் சூடு போடப்போகிறவருக்கும் முன்கூட்டியே கொடுப்பதைச் சொல்லும்போது இந்தச் சொல்லைக் கையாள்கிறார். மருத்துவப் பொருளில் அது அன்றே முளைவிட்டிருக்கிறது.

பிறகு நெடுங்காலம் அது நோயின் பெயராகவே கிடந்தது. 1721-இல் வந்த நேதனியல் பெய்லியின் ஆங்கில அகராதியில் இந்தச் சொல் உண்டு. அங்கே அதன் பொருள் புலன் குறைபாடு. கை விறைத்துப் போனவருக்கும் பக்கவாதத்தில் தொடுஉணர்வை இழந்தவருக்கும் உரிய சொல் அது. வேண்டிப் பெறும் நன்மையாக அதை யாரும் நினைக்கவில்லை.

அதே நூற்றாண்டில் அதே வேரிலிருந்து இன்னொரு சொல் கிளைத்தது. 1735-இல் ஜெர்மானிய மெய்யியலாளர் பாம்கார்டன், அழகை உணரும் அறிவுக்கு ‘ஐஸ்தேசிஸ்’ஸிலிருந்து ஒரு பெயர் அமைத்தார். நாம் அழகியல் என்று சொல்லும் துறையின் ஐரோப்பியப் பெயர் அது. அழகியலும் மயக்கவியலும் சொல்லளவில் உடன்பிறந்தவை. ஒன்று புலன்கள் விழித்திருப்பதைப் பற்றியது, மற்றது அவை மூடியிருப்பதைப் பற்றியது.

பாஸ்டனில் ஒரு பெயர்சூட்டு விழா

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மாடியில் இருந்த அறுவைக் கூடத்தில் ஈதர் ஆவியை ஒரு நோயாளி சுவாசித்தார். கொடுத்தவர் வில்லியம் மோர்ட்டன் என்ற பல் மருத்துவர். நோயாளி கில்பர்ட் அபட். அவர் கழுத்துக் கட்டியை அறுத்தவர் ஜான் காலின்ஸ் வாரன். அதற்கு முன்பே, 1842 மார்ச் 30 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் கிராஃபர்ட் லாங் என்ற மருத்துவர் ஈதர் கொடுத்து ஒருவரின் கட்டியை எடுத்திருந்தார். ஆனால் அவர் அதை அப்போது அச்சில் சொல்லவும் இல்லை, அதற்கொரு பெயர் வைக்கவும் இல்லை.

மோர்ட்டன் ஒரு பெயர் வைத்தார்: ‘லீதியான்’. கிரேக்கப் புராணத்தில் இறந்தவர்கள் தங்கள் வாழ்வை மறப்பதற்காகக் குடிக்கும் ஆற்றின் பெயர் லீதி. ஈதரின் வாடையைத் தெரியாமல் மறைத்து, காப்புரிமையும் வாங்கி, மறதி ஆற்றின் பெயரில் அதை விற்கப் பார்த்தார். ஈதர் என்பது வேதியியல் படித்தவர் எல்லாருக்கும் தெரிந்த திரவம். அதனால் அந்த விற்பனைப் பெயர் நிலைக்கவில்லை.

நிலைத்த பெயர் ஒரு கடிதத்தில் வந்தது. 1846 நவம்பர் 21 அன்று, மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் மோர்ட்டனுக்கு எழுதினார். அந்த நிலைக்கு ‘அனஸ்தீசியா’ என்றும், அதைத் தரும் மருந்துக்கு ‘அனஸ்தெட்டிக்’ என்றும் பெயரிடலாம் என்றார். முடிவு செய்வதற்கு முன் படித்த புலவர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளும்படியும், நாகரிகம் பெற்ற மனித இனம் முழுவதும் இந்தச் சொல்லைச் சொல்லப்போகிறது என்றும் எழுதினார். அது அப்படியே நடந்தது. நோயின் பெயராகக் கிடந்த ஒரு சொல் ஒரே கடிதத்தில் நோயாளிக்கு உதவும் நிலையின் பெயரானது. ஆனால் அந்தச் சொல் என்ன எடுக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. எடுக்கப்பட்டது திரும்பி வருமா என்பதற்கு அதில் இடமில்லை.

மற்ற மொழிகள் வேறு வழி போயின. ஜெர்மனும் சுவீடிஷும் ‘நார்க்கோஸ்’ என்கின்றன. கிரேக்கத்தில் ‘நார்க்கே’ என்றால் விறைப்பு. தொட்டவர் கையை மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கை மீனுக்கும் அதுவே பெயர். சீனத்தில் ‘மாஸுவெய்’, ஜப்பானியத்தில் ‘மசுய்’. இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான்: முதலெழுத்துக்கு மரத்துப்போதல் என்று பொருள், அடுத்ததற்குக் குடிமயக்கம் என்று பொருள். மோர்ட்டனுக்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே, 1804 அக்டோபர் 13 அன்று, ஜப்பானில் ஹனவோக்கா செய்ஷூ மூலிகைக் கஷாயம் கொடுத்து ஒரு பெண்ணின் மார்பகப் புற்றை அறுத்தெடுத்தார்.

மரத்தலும் மயங்குதலும்

தமிழும் இந்த இரண்டு பாதைகளையும் கண்டுவைத்திருக்கிறது. பல் பிடுங்கும்போது "மரத்துப்போற ஊசி போட்டாங்க" என்கிறோம். ஓர் உறுப்பு மட்டும் மரம்போல ஆகிவிடுகிறது. ஆள் விழித்திருக்கிறார், பேச்சும் கேட்கிறது. முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடுகிறது. ஆள் முழுக்க நினைவிழந்தால்தான் "மயக்கம் குடுத்து ஆபரேஷன் பண்ணாங்க" என்கிறோம். மருத்துவ நூல் பகுதி உணர்விழப்பு, முழு உணர்விழப்பு என்று பிரிப்பதை மக்கள் பேச்சு இரண்டு வினைச்சொற்களால் தெளிவாகப் பிரித்துவிடுகிறது.

மயக்கம் என்ற சொல்லின் வேரில் நினைவிழப்பு கிடையாது. மயங்குதல் என்றால் முதலில் கலத்தல். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. ஒரு வேற்றுமை இன்னொன்றின் இடத்தில் வந்து கலப்பதை அது பேசுகிறது. குறிஞ்சிக்குரியது முல்லையில் வந்தால் திணைமயக்கம். ‘நண்பன்’ என்பதில் ணகர ஒற்றும் பகரமும் அடுத்தடுத்து வருவது மெய்ம்மயக்கம். இலக்கணத்தில் மெய் ஒற்றெழுத்து, உடலுக்கும் மெய் என்று பெயர். இலக்கண ஆசிரியர்கள் எழுத்துக்கு வைத்த பெயர் தியேட்டரில் படுத்திருப்பவருக்கும் பொருந்திப்போகிறது.

பேச்சில் இன்றும் அந்தப் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. அந்தி மயங்கும் நேரம் என்கிறோம். வெளிச்சமும் இருட்டும் கலந்து, எதிரே வருவது ஆளா மரமா என்று தெரியாத பொழுது அது. அந்தக் கலப்பிலிருந்து குழப்பம் என்ற பொருளும், அதிலிருந்து காதல் மயக்கம், கள் மயக்கம் என்ற பொருள்களும், கடைசியாகத் தலைசுற்றி விழும் மயக்கமும் வந்தன. அறுவைக்கு முன் நோயாளிக்கு மது கொடுக்கலாம் என்று சுசுருத சம்ஹிதை சொல்கிறது. கள்ளின் மயக்கமும் கத்தியின் மயக்கமும் ஒரு சொல்லுக்குள் வந்ததற்கு நடைமுறையிலேயே காரணம் இருந்தது.

ஈதரின் போக்கைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருத்தம் விளங்கும். முதல் உலகப்போரில் பிரான்சில் பல மருத்துவமனைகளைக் கவனிக்க வேண்டியிருந்த அமெரிக்க மருத்துவர் ஆர்தர் குவெடல், மயக்கம் கொடுக்கக் கற்ற செவிலியருக்கும் உதவியாளர்களுக்கும் கைக்கொண்டு நடக்க ஒரு வரைபடம் அமைத்தார். அதை 1920-இல் வெளியிட்டார். அதன்படி மயக்கம் நான்கு படிகள். முதற்படியில் வலி மங்குகிறது, நினைவு இருக்கிறது. இரண்டாம் படியில் நோயாளி பிதற்றுவார், கைகாலை உதறுவார், மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூன்றாம் படியில் மூச்சு சீராகி உடல் தளர்கிறது. கத்தி வைக்க வேண்டிய இடம் அதுதான். நான்காம் படியில் மூச்சு நின்றுவிடும். கிரேக்கச் சொல் சொல்லும் உணர்வின்மை மூன்றாம் படியில் இருக்கிறது. தமிழ்ச் சொல் சொல்லும் கலக்கம் இரண்டாம் படியில் இருக்கிறது. மருந்து கொடுப்பவருக்கு ஆபத்தான இடமும் அந்த இரண்டாம் படிதான். போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டியாக வேண்டும்.

மோர்ட்டனின் ஈதர் நாளுக்கு மறு ஆண்டே, 1847-இல், அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த சாமுவேல் கிரீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரணவைத்தியம்’ என்ற அறுவை நூலைத் தமிழில் கொண்டுவந்தார். மருத்துவக் கலைச்சொல்லைத் தமிழில் தேடும் வேலை அந்த அளவுக்குப் பழையது. அதற்குப்பின் உணர்வகற்றி, உணர்விழப்பு என்று கிரேக்கச் சொல்லுக்கு நேரான ஆக்கங்களும் அமைந்தன. மக்கள் நாவில் நின்றது மயக்க மருந்துதான். அரசு மருத்துவமனைப் பலகையிலும் இன்று ‘மயக்கவியல் துறை’ என்றே எழுதியிருக்கிறது.

பாலூட்டியவள், கூடப் படுத்தவள்

இனி இரண்டாம் சொல். ‘நர்ஸ்’ இலத்தீனில் ஊட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஊட்டச்சத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘நியூட்ரிஷன்’ அதே குடும்பம்தான். நர்ஸ் என்றால் முதலில் இன்னொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் என்ற பொருள் பின்னால் வந்தது.

வியப்பு என்னவென்றால், தமிழில் இதற்கு வழங்கும் இரண்டு சொற்களும் அதே வழியில்தான் வந்திருக்கின்றன. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தாதி என்பார்கள். வடமொழியில் ‘தாத்ரி’ என்றால் பாலூட்டி வளர்ப்பவள், அதன் தமிழ் வடிவம் தாதி. தாசன் என்பது தாதன் ஆனதுபோல, பணிப்பெண்ணைக் குறிக்கும் ‘தாசி’யும் தமிழில் தாதி ஆனது. வளர்த்தவளும் ஏவல் கேட்டவளும் ஒரே ஒலிக்குள் வந்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உலகெங்கும் பட்ட பாட்டை நினைத்தால், இந்தக் கலப்பு வெறும் ஒலித்தற்செயலாக எனக்குப் படவில்லை.

தமிழ்நாட்டில் வழங்குவது செவிலி. சங்க அகப்பாட்டில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தோழி அந்தச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் உறவு சொல்கிறது. தலைவியின் பக்கத்தில் படுத்து, அவள் உறக்கத்துக்குக் காவலிருப்பவள் செவிலி. தலைவி காதலனோடு பாலை வழியில் போய்விட்டால், பெற்றவள் வீட்டில் இருந்து அழுவாள். வழியில் வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டு தேடிப் போகிறவள் செவிலி. இருபதாம் நூற்றாண்டில் நர்ஸ் என்பதற்குத் தமிழ் தேடியவர்கள் பழைய இலக்கியத்திலிருந்து இந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தது மிக நல்ல தேர்வு. செவிலி என்பதற்குள் செவி இருப்பது கண்ணில் படும். ஒலி ஒத்திருப்பதாலேயே வேரும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் செவிக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள தொடர்பு பின்னால் வருகிறது.

வார்டில் யாரும் செவிலியர் என்று கூப்பிடுவதில்லை, ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கன்னியர் மடங்களிலிருந்து வந்த விளி அது. மயக்கம் கொடுப்பதையே தன் பணியாகக் கொண்ட செவிலியராக அமெரிக்க வரலாறு முதலில் அடையாளம் காட்டுபவரும் அப்படி ஒரு கன்னியர்தான். பென்சில்வேனியா மாநிலத்து ஈரி நகரில், புனித வின்சென்ட் மருத்துவமனையில் 1877-இல் பணி செய்த சிஸ்டர் மேரி பெர்னார்ட்.

இரண்டு சொற்களும் சேர்ந்த இடம்

அந்தக் காலத்து அறுவையில் ஈதர் கொடுக்கும் வேலை பெரும்பாலும் கற்றுக்குட்டி மருத்துவர் கையில் இருந்தது. அவர் கண் அறுப்பவரின் கத்தியைப் பார்த்து வேலை கற்றுக்கொள்வதிலேயே இருக்கும், நோயாளியின் முகத்தில் இருக்காது. நோயாளி முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள் வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் உணர்ந்தபோது, அவர்கள் கண் செவிலியர் பக்கம் திரும்பியது. 1893-இல் இசபெல் ஹாம்ப்டன் எழுதிய செவிலியப் பாடநூலின் தலைப்பிலேயே கொள்கைகளும் நடைமுறையும் என்ற சொற்கள் இருந்தன. அதில் மயக்க மருந்து கொடுப்பதற்கென ஓர் அதிகாரமும் இருந்தது.

அதே 1893-இல் மின்னசோட்டா மாநிலம் ராச்செஸ்டரில், மேயோ சகோதரர்களின் அறுவைகளுக்கு மயக்கம் கொடுக்க ஆலிஸ் மகாவ் வந்தார். துணி போர்த்திய கம்பி முகமூடியின்மேல் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவது அவர் முறை. 14,000-க்கும் மேற்பட்ட மயக்கங்களைப் பற்றி அவர் 1906-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மயக்கத்தால் நேர்ந்த மரணம் என்று சொல்ல அவற்றில் ஒன்றுகூட இல்லை. சொட்டின் அளவோடு பேச்சையும் அவர் ஒரு மருந்தாகவே கருதினார். ஒவ்வொரு நோயாளியையும் தனியாகப் புரிந்துகொண்டு, முகமூடி வைத்தபின்னும் அவரோடு மெல்லப் பேசிக்கொண்டே தூங்கவைப்பார். பயந்தவருக்கு ஈதர் அதிகம் வேண்டும், நம்பியவருக்குக் குறைவாகவே போதும் என்பது அவர் அனுபவம். செவி வழியாக நடந்த வேலை அது. சார்லஸ் மேயோ அவரை மயக்கவியலின் தாய் என்று அழைத்தார்.

கிளீவ்லாந்தில் ஜார்ஜ் கிரைல் என்ற அறுவை மருத்துவர், டொராண்டோவில் பிறந்த அகதா ஹாட்ஜின்ஸ் என்ற செவிலியரை இந்த வேலைக்குப் பழக்கினார். ஹாட்ஜின்ஸ் 1915-இல் லேக்சைடு மருத்துவமனையில் இதற்கென ஒரு பள்ளி தொடங்கினார். செவிலியர் மயக்கம் கொடுப்பது மருத்துவத்தொழில் செய்வதாகுமா என்று வழக்குகள் வந்தன. 1917-இல் கென்டக்கியிலும், 1936-இல் கலிஃபோர்னியாவில் டாக்மர் நெல்சன் வழக்கிலும், ஆகாது என்று அந்தந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 1931-இல் ஹாட்ஜின்ஸ் தலைமையில் செவிலியர் தமக்கென ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். பெயரில் ‘நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட்’ என்ற இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நின்றன. 1945-இல் முதல் தகுதித் தேர்வு நடந்தது. 1956-இல் ‘சான்று பெற்ற, பதிவு பெற்ற’ என்ற அடைமொழிகள் அதன் முன்னால் சேர்ந்தன.

விகுதியில் நடக்கும் வழக்கு

1902-இல் சீஃபர்ட் என்ற அமெரிக்க மருத்துவப் பேராசிரியர் ‘அனஸ்தீசியாலஜி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். ‘இஸ்ட்’ என்று முடிந்தால் அவர் கைவினைஞர், ‘லஜிஸ்ட்’ என்று முடிந்தால் துறையை அறிந்த அறிஞர் என்று அவர் வேறுபடுத்தினார். அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் 1945-இல் முதல் விகுதியை விட்டுவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டது. அங்கே ‘அனஸ்தெட்டிஸ்ட்’ என்றால் செவிலியர், ‘அனஸ்தீசியாலஜிஸ்ட்’ என்றால் மருத்துவர் என்றாயிற்று.

பிரிட்டனில் அப்படியில்லை. அங்கே ‘அனஸ்தெட்டிஸ்ட்’ என்றாலே மருத்துவர். நம் மருத்துவமனைகளும் பேச்சில் அந்த வழக்கையே பின்பற்றுகின்றன. நம் நாட்டில் மயக்கம் கொடுப்பவர் அதில் மேற்படிப்புப் படித்த மருத்துவர். செவிலியரும் டெக்னீஷியனும் அவருக்குத் துணை நிற்கிறார்கள். ஆகவே மதுரையில் மருத்துவரைக் குறித்த ஒரு சொல், விமானம் ஏறி இறங்கியதும் செவிலியரைக் குறிக்கிறது. அண்ணன் மகளுக்கு ஊரில் ஏற்பட்ட குழப்பத்தின் வேர் இதுதான்.

2021-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் தன் பெயரையே ‘நர்ஸ் அனஸ்தீசியாலஜி’ என்று மாற்றிக்கொண்டது. மருத்துவர்கள் சங்கம் அதை எதிர்த்தது. அதே ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநில உச்ச நீதிமன்றம், ‘அனஸ்தீசியாலஜிஸ்ட்’ என்ற பெயர் மருத்துவருக்கே உரியது என்ற மருத்துவ வாரியத்தின் முடிவை உறுதி செய்தது. மருத்துவர்களின் கவலையை நான் சிறிதாக நினைக்கவில்லை. தலைமாட்டில் இருப்பவர் யார், என்ன படித்தவர் என்பது நோயாளிக்குத் தெரிந்தாக வேண்டும். செவிலியரின் ஆதங்கமும் எனக்குப் புரிகிறது. ஒன்றரை நூற்றாண்டாகச் செய்துவரும் வேலையை வெறும் கைவேலை என்று ஒரு விகுதி சொல்லிக்கொண்டிருந்தால் மனம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் சண்டை முழுவதும் பெயரின் பின்பாதியிலேயே நடக்கிறது. ‘நர்ஸ்’ என்ற முன்பாதியை இரண்டு தரப்பும் கவனித்ததாகத் தெரியவில்லை. இந்தத் தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அவள் கற்கிற பாடம்

அவள் படிப்பைப் பற்றிக் கேட்டபோது இது எனக்கு உறுதிப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓராண்டாவது வேலை பார்க்காதவர் இதில் சேரவே முடியாது. சேர்ந்தபின் முனைவர் நிலைப் படிப்பு, மூன்று ஆண்டு. அதற்குள் குறைந்தது 600 நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்து, 2,000 மணி நேரமாவது மருத்துவமனையில் நின்றிருக்க வேண்டும்.

பாடம் நோயாளி வயிற்றிலிருந்து தொடங்குகிறது. தண்ணீர் போன்ற தெளிந்த நீராகாரத்தை 2 மணி நேரத்துக்கு முன்பும், லேசான உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்திவிட வேண்டும். மயக்கத்தில் இருமித் துப்பும் இயல்பு போய்விடும், வயிற்றில் இருப்பது மேலேறினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டையைப் பார்ப்பார்கள். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து மூச்சுக்குழாய் போடுவது எளிதா கடினமா என்று கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பு முறையை 1985-இல் வெளியிட்டவர், இந்தியாவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மல்லம்பட்டி என்ற மயக்கவியல் மருத்துவர்.

பிறகு மருந்து. இன்று பெரும்பாலும் தூங்கவைப்பது புரோபோஃபால். சோயா எண்ணெயிலும் முட்டைச் சத்திலும் கலந்த அந்த மருந்து பார்ப்பதற்குப் பாலைப்போல வெள்ளையாக இருக்கும். பாலூட்டியவள் என்ற பெயரோடு பிறந்த தொழிலில் இருப்பவர் கையில், ஊசிக்குழலில் பால்நிற மருந்து. தூங்கியதும் மூச்சை அவள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தசையைத் தளர்த்தும் மருந்து போனபின் நோயாளியால் விரலைக்கூட அசைக்க முடியாது. வலிக்கிறது என்று சொல்ல முடியாதவருக்காக அவள்தான் நாடித்துடிப்பிலும் இரத்த அழுத்தத்திலும் வலியைப் படிக்கிறாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்களைக் குறிக்கும் பழக்கத்தின் தொடக்கம், மோர்ட்டன் ஈதர் காட்டிய அதே மருத்துவமனையில், காட்மன், குஷிங் என்ற இரண்டு மாணவர்கள் 1894 வாக்கில் எழுதத் தொடங்கிய குறிப்புத் தாள்களில் இருக்கிறது.

"தூங்கவைக்கிறது ஒரு நிமிஷ வேலை சித்தப்பா, எழுப்புறதுதான் வேலையே" என்றாள். மருந்தைக் குறைத்து, தசை திரும்பிவிட்டதா என்று பார்த்து, கலங்கிய அந்த இரண்டாம் படியில் குழாயை உருவிவிடாமல் காத்திருந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண் திறக்கச் சொல்லி, கையைப் பிடித்து அழுத்தச் சொல்லி, மூச்சு தானாக நடக்கிறது என்று உறுதிப்பட்ட பிறகே விடவேண்டும்.

தெளிவு என்ற மறுபாதி

கிரேக்கச் சொல்லில் இல்லாதது தமிழ்ச் சொல்லில் இருப்பது இங்கேதான் எனக்குப் புலப்பட்டது. மயக்கம் என்றால் கலத்தல் என்று பார்த்தோம். கலந்தது எதுவும் தெளியும். சேறு கலந்த குளத்து நீரைக் குடத்தில் எடுத்து, குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு வைத்தால், மண் அடியில் படிந்து நீர் தெளியும். நீர் எங்கும் போகவில்லை, கலங்கித்தான் இருந்தது. "மயக்கம் தெளிஞ்சிருச்சா" என்று கேட்கும் அண்ணன் அந்தக் குடத்து நீரின் மொழியில்தான் கேட்கிறார். உணர்வின்மைக்குத் திரும்பும் வழி அதன் பெயரில் இல்லை. மயக்கத்துக்கோ தெளிவு என்ற மறுகரை உண்டு. மயக்க மருந்து என்று பெயர் வைத்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, நம்பிக்கையையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள்.

தெளிதலுக்கு அடுத்த வீட்டுச் சொல் தேறுதல். நீர் தேறும், அதாவது தெளியும். நோயாளி தேறுவார். துக்கத்தில் இருப்பவர் ஆறுதல் பெற்றுத் தேறுவார். மாணவி தேர்வில் தேறுவாள். நான்கு வேலைக்கும் தமிழ் ஒரே வினையைக் கொடுத்திருக்கிறது. ஈதர் சொட்டுகளுக்கு நடுவே ஆலிஸ் மகாவ் பேசிய பேச்சும், குழாயை உருவும் முன் அண்ணன் மகள் காத்திருக்கும் அந்த நேரமும், இந்த ஒரு வினைக்குள் அடங்கும்.

ஆகவே அவளுக்கு ‘மயக்கவியல் செவிலி’ என்ற பெயரைச் சொன்னேன். அதில் முதற்சொல் துறையைச் சொல்கிறது. இரண்டாம் சொல் ஆளைச் சொல்கிறது. மகள் எல்லை தாண்டிப் போனபின் செய்தி கேட்டுத் தேடிப் போனவள் பாலைப்பாட்டின் செவிலி. அவள் வெறுங்கையோடுதான் திரும்பினாள். இந்தச் செவிலி கையைப் பிடித்தபடி எல்லைவரை கூடவே போகிறாள், அங்கேயே நிற்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பி அழைத்து வருகிறாள்.

பெயரை அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் என் அம்மாவுக்கு, அதாவது தன் அப்பத்தாவுக்கு, அவள் சொன்ன விளக்கம் வேறு: "மயக்கம் தெளியுற வரைக்கும் பக்கத்துலயே இருக்கறவ, அப்பத்தா." அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப உங்கம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணப்ப பக்கத்துல இருந்தது யாரு?" என்று கேட்டார்.

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அறுவை செய்த மருத்துவர் பெயர் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். மயக்கம் கொடுத்தவர் முதல் நாள் மாலை வந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போன ஒரு பெண் மருத்துவர் என்பது மட்டும் அண்ணிக்கு நினைவிருந்தது. தையல் பிரிக்கப் போன அன்று அண்ணி அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்.